சிவப்புக் கால் குட்டி

எழுத்தாளர் சபராலி மெந்திரோவ் காலமாகிப் பன்னிரண்டு வருஷமாகிறது. எங்கள் கோக்ஜார் ஊரில் அவரைச் சாக விடாமல் பிடித்துவைத்திருந்தவன் தஷ்தான். பெரியவர் வாழ்ந்த வீடுதான் இப்போது நினைவில்லம், அதன் சாவி தஷ்தானின் இடுப்பில். அவர் உட்கார்ந்து எழுதிய நாற்காலியில் தூசியையே உட்கார விடாதவன் மனிதரை விடுவானா? ஒரு தடவை தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர், கால் கடுக்கிறதென்று அதில் சாய்ந்துவிட்டார். தஷ்தான் அவர் முழங்கையைப் பிடித்து எழுப்பி, வாசலில் கிடந்த பெஞ்சைக் காட்டினான். அந்த மனிதர் அதற்குப் பிறகு எங்கள் ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

பெரியவரின் தொண்ணூறாம் ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. தலைநகரத்து ஆட்கள் வருவார்கள், குதிரை அறுத்து விருந்து, நினைவில்லத்தை அரசாங்கமே எடுத்து நடத்தப்போகிறது என்று அறிவிப்பு. இத்தனைக்கும் நடுநாயகமாக தஷ்தானின் பேச்சு. பேச்சென்றால் வேறென்ன, வருகிறவர்களுக்கெல்லாம் அவன் சொல்கிற அதே கதைதான். இந்த நாற்காலியில், காலைத் தேநீரிலிருந்து பொழுது சாயும் வரை, ஒரே மூச்சில், 'ஊமை மந்தை' நாவலின் கடைசி அத்தியாயத்தைப் பெரியவர் கண்ணீரோடு சொல்லச் சொல்ல, தான் தட்டச்சு செய்தது. பனியில் குட்டியைப் பறிகொடுத்த தாய்க்குதிரையின் ஒப்பாரி அது. பள்ளிக்கூடத்தில் அதை மனப்பாடம் செய்யாமல் இந்த நாட்டில் யாரும் வளர்ந்துவிட முடியாது.

அந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு முள் உண்டு. பால்வெள்ளைக் குட்டி, அதற்கு ஒரு கால் மட்டும் செக்கச் செவேலென்று இருந்ததாம். குதிரை முதுகிலேயே பிறந்து வளர்ந்த எங்களிடம் இதைச் சொன்னால்? "எந்தக் குதிரைக்குடா அப்படிக் கால் இருக்கு? பெயின்ட் அடிச்சாங்களா?" என்று குதிரைக்கார ஒசோர் ஒவ்வொரு விழாவிலும் கேட்பான், கூட்டம் சிரிக்கும். தஷ்தான் முகம் சிவந்து, அது குறியீடு, உங்களுக்கெல்லாம் புரியாது என்பான். எங்களுக்குப் புரியவில்லைதான். அவனுக்கும் புரியவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

விழாவுக்கு மூன்று நாள் முன்னால் ஒரு பெண்மணி வந்தாள். அறுபதைத் தாண்டிய வயது, வெயிலில் காய்ந்த முகம், மேல்மலை மேய்ச்சல் பக்கத்துக்காரி என்று பார்த்ததும் தெரிந்தது. பெயர் கென்ஜேகான் என்றாள். நாற்காலிக் கதையை மூச்சுவிடாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் மற்றவர்களைப் போலக் கண்ணைத் துடைக்கவில்லை.

"பெரியவர் ஜனாஸாவுல 'என்கிட்ட கேளுங்க'ன்னு சொன்னது நீதானே, தம்பி?"

தஷ்தானுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அவன் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய நாள் ஏது? பெரியவருக்கு ஆண் பிள்ளை இல்லை, இரண்டு மகள்களும் மாஸ்கோவில். ஜனாஸா என்கிற இறுதித் தொழுகைக்கு முன்னால் முல்லா வழக்கப்படி கேட்டார். இவர் யாருக்காவது கடன்பட்டிருந்தால் இங்கேயே சொல்லுங்கள், மன்னிக்கிறவர்கள் மன்னியுங்கள், மிச்சத்தை ஏற்றுக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று. மகன்தான் முன்னால் வந்து நிற்க வேண்டும். பங்காளிகள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முல்லா வாயை மூடுவதற்குள் தஷ்தான் பாய்ந்து வந்தான். யாருக்கு எந்தக் கடனானாலும் என்னைக் கேளுங்கள், என் தலைமேல் என்று கத்தினான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. 'எப்படிப்பட்ட மனிதர்?' என்று முல்லா கேட்க, 'நல்ல மனுசன்' என்று கூட்டம் சொல்ல, தூக்கிக்கொண்டு போய்விட்டோம். தாய் தகப்பன் இல்லாமல் தட்டச்சு வேலைக்கு வந்து ஒண்டிக்கொண்டவன், அன்றிலிருந்து சபராலியின் மகன் ஆகிவிட்டான். பெண்கள் அப்போது கம்பளிக் கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். தொழுகை இடத்துக்கு அவர்கள் வருவதில்லை. முல்லாவின் கேள்வி அங்கே போவதுமில்லை.

"நான்தான் அக்கா" என்றான் தஷ்தான்.

"அந்தக் கடன் விஷயமாத்தான் வந்திருக்கேன்."

ஆடோ மாடோ வாங்கியிருப்பார் போல, கொடுத்துவிட்டால் போகிறது என்று நினைத்து, அவளை பெஞ்சில் உட்காரவைத்துத் தேநீர் ஊற்றினான். அவள் கோப்பையைத் தொடாமல் சொல்ல ஆரம்பித்தாள். முப்பது வருஷத்துக்கு முன்னால், பெரியவர் ஜனங்களின் கதை கேட்கிறேனென்று மேய்ச்சல் நிலத்துக்கு வந்து ஒரு கோடை முழுக்கத் தங்கினார். அந்தக் கோடையில் அவளுடைய கைக்குழந்தை, பெர்மெத் என்று பெயர், காய்ச்சலில் போய்விட்டது. கூடாரத்துக்குள் உட்கார்ந்து பிள்ளைக்கு ஒப்பாரி வைத்தாள். வெளியே கூடாரத்தின் கம்பளிச் சுவரில் சாய்ந்தபடி பெரியவர் கேட்டுக்கொண்டிருந்தார். மறு வருஷம் புத்தகம் வந்தது. அவள் பிள்ளைக்கு வைத்த ஒப்பாரி வரிக்கு வரி அதில் இருந்தது, குதிரையின் வாயில்.

தஷ்தானுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என் கண் முன்னால் பிறந்த அத்தியாயம் இது, என் கையால் தட்டினேன், பெரியவர் அழுததை நான் பார்த்தேன் என்றான்.

"நீ தட்டினே. அவரு சொன்னாரு. அவருக்கு யாரு சொன்னா?"

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, புத்தகத்தில் இல்லாத வரிகளைத் தாழ்ந்த குரலில் பாடினாள்.

"ஒருகால் சிவப்புக் காலுறை பின்னி முடிச்சேனே,
மறுகால் பின்னுமுன்னே மண்ணுக்குள்ள போனாயே,
வெறுங்காலு குளிருமே, யார் தேய்ப்பார் பெர்மெத்தே."

அவன் மேற்கொண்டு கேட்கத் தயாராக இல்லை. உங்களை யார் அனுப்பியது, விழாவைக் கெடுக்க வந்தீர்களா என்று குரலை உயர்த்தினான். இன்னும் சொல்லி முடிக்கவில்லை தம்பி என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். அவன் கதவைத் திறந்து பிடித்து, வெளியே போங்கள் என்றான். குல்சூன் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன், மனசு ஆறினதும் வா என்று சொல்லிவிட்டுப் போனாள். கோப்பையில் தேநீர் அப்படியே ஆறிக்கிடந்தது.

தஷ்தான் நேரே வட்டார அலுவலகத்துக்கு ஓடினான். விழா ஏற்பாடெல்லாம் அங்கே மெலிஸ் என்ற அதிகாரியின் கையில். வயசு குறைவு, வாய் அதிகம். கேட்டுவிட்டுச் சிரித்தான். பெரியவரின் தாய்மாமன் வழியினர் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கிறார்கள், பெரியவர் நம் ஊருக்குச் சொந்தமாகிவிட்டார் என்று அவர்களுக்குப் பல காலமாக வயிற்றெரிச்சல், அவர்கள் ஏவிவிட்ட ஆள்தான் இது என்றான்.

"நீங்க பேச்சைத் தயார் பண்ணுங்க அண்ணே. அந்தப் பொம்பளை எங்க தங்கியிருக்கா?"

தஷ்தான் சொன்னான். சொல்லிவிட்டு வெளியே வந்ததும், ஏன் சொன்னோம் என்று உள்ளுக்குள் என்னவோ அரித்தது. போகட்டும், அதிகாரி பார்த்துக்கொள்வார் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலை நினைவில்லத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். பெரியவர் உயிர் விட்ட கட்டில் பின்னறையில் இருக்கிறது. அதையும் காட்டி ஒரு கதை சொல்வான். கடைசி நாட்களில் பெரியவருக்கு நினைவு தப்பிவிட்டது. 'மறுகால்... மறுகால் குளிருது' என்றே முனகிக்கொண்டிருந்தார். டாக்டர் ரத்த ஓட்டம் குறைந்துவிட்டது என்றார். தஷ்தான் இரண்டு காலுக்கும் ஆட்டுத்தோல் சுற்றினான். அப்படியும் விடாமல் மறுகால் மறுகால் என்றதால், எந்தக் கால் என்று தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றித் தேய்த்தான். பெற்ற மகன்கூட இப்படித் தேய்க்க மாட்டான் என்று கதையைக் கேட்டவர்கள் சொன்னார்கள்.

கட்டில் விளிம்பைத் துடைத்த கை அப்படியே நின்றுவிட்டது. வெறுங்காலு குளிருமே, யார் தேய்ப்பார். அறையில் அன்றைக்கு அவனையும் பெரியவரையும் தவிர யாரும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு இது எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அப்படியானால் பெரியவருக்கு அவளைத் தெரியும்! குட்டியின் சிவப்புக் கால்! சிவப்புக் காலுறை! முப்பது வருஷமாக எந்தக் குதிரைக்கும் பொருந்தாத கால், பிள்ளையின் காலாக இருந்தால் பொருந்திப்போகிறதே!

அப்படியும் மனசு ஒரு பக்கமாக நிற்கவில்லை. மேய்ச்சல் நிலத்தில் யாராவது அவளுக்குச் சொல்லியிருப்பார்களோ? தானே விருந்தாளிகளிடம் காலைத் தேய்த்த கதையைச் சொல்லிச் சொல்லி, அது எங்கெங்கோ போய், அதைக் கேட்டு அவள் பாட்டுக் கட்டியிருப்பாளோ? அப்படித்தான் இருக்கும். அப்படி இருக்காது. திரும்பவும் ஒரு தடவை அவள் வாயால் கேட்டால்தான் தெரியும் என்று குல்சூன் வீட்டுக்குப் போனான்.

குல்சூன் பேருந்து நிலையத்துப் பக்கம் அறைகளை வாடகைக்கு விடுகிறவள். "உன் விருந்தாளியா? காலையிலேயே வட்டார அலுவலகத்து வெள்ளைக் கார் வந்து ஏத்திக்கிட்டுப் போச்சே. மூட்டையை இங்கயே விட்டுட்டா. ஏன், உன் மூஞ்சி ஏன் சுண்ணாம்பா வெளுக்குது?" என்றாள்.

மெலிஸிடம் ஓடினான். நான் யாரையும் அனுப்பவில்லையே என்றான் மெலிஸ். முகத்தில் ஒரு சுருக்கமில்லை. பொய் சொல்கிறானா, நிஜம்தானா என்று தஷ்தானுக்குப் பிடிபடவில்லை. அவளே போய்விட்டாள் என்றால் நமக்கு நல்லதுதானே அண்ணே, கையில் இருக்கிற தொல்லை விட்டுப்போனதற்கு யாராவது அழுவார்களா என்று கேட்டுவிட்டு, மெலிஸ் தொலைபேசியை எடுத்துக்கொண்டான்.

அன்றைக்கும் அதற்கடுத்த நாளும் தஷ்தான் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நாங்கள். பேருந்து நிலையம், ஆஸ்பத்திரி, காவல் நிலையம் என்று நாய் மாதிரி அலைந்தான். வெள்ளைக் கார் பாலத்துப் பக்கம் போனதைப் பார்த்தேன் என்று ஒருவன் சொன்னான். பனி உருகி ஆறு கரை தெரியாமல் ஓடுகிற காலம். தஷ்தான் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுத்தது அவன் நாக்கு. பெரியவரின் பெயரைக் காப்பாற்றப் போய் ஒரு தாயைக் கொன்றுவிட்டேனா? அவளே கிளம்பிப் போயிருந்தால் மூட்டையை ஏன் விட்டுப் போக வேண்டும்? என்ன விஷயம் என்று நாங்கள் கேட்டதற்கு, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றான். விழாப் பதற்றம் என்று விட்டுவிட்டோம்.

விழா நாள் வந்தது. நினைவில்லத்துக்கு எதிரே மைதானத்தில் மேடை, அதற்குப் பக்கவாட்டில் வரிசையாகக் கூடாரங்கள். கடைசிக் கூடாரம் சமையல் பெண்களுடையது. கொதிக்கிற எண்ணெயில் போர்சோக் மாவுத்துண்டுகள் பொரிகிற வாசம் மைதானம் பூராவும் வீசியது. எண்ணெய் வாசம்தான் செத்தவர்களைப் போய்ச் சேரும், அதனால் எங்கள் ஊரில் முதலில் வாசம், அப்புறம்தான் பேச்சு. தலைநகரத்து ஆட்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். முல்லா ஓதினார். பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி தாய்க்குதிரையின் ஒப்பாரியை ராகம் போட்டுச் சொன்னாள். நடுவில் வார்த்தை மறந்து, நாக்கைக் கடித்து, சிரித்துவிட்டுத் தொடர்ந்தாள். எல்லாரும் கைதட்டினோம். தஷ்தான் தட்டவில்லை.

மெலிஸ் அவன் பெயரைக் கூப்பிட்டான். தஷ்தான் காகிதத்தோடு ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றான். வாய் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒசோரின் குரல் வந்தது.

"குறியீட்டுக்காரரே, இந்த வருஷமாவது அந்தக் காலு எப்படிச் சிவந்துச்சுன்னு சொல்லுவீரா?"

கூட்டம் வழக்கம்போலச் சிரித்தது. தஷ்தான் காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தான்.

"அது குதிரைக் காலு இல்ல ஒசோர். பிள்ளைக் காலு. அம்மா பின்னின சிவப்புக் காலுறை. ஒரு காலுக்குத்தான் முடிஞ்சுது."

சிரிப்பு நின்றது. அவன் எல்லாவற்றையும் சொன்னான். மேய்ச்சல் நிலம், காய்ச்சல், கம்பளிக்கு வெளியே சாய்ந்திருந்த பெரியவர், குதிரையின் வாயில் போன ஒப்பாரி, மறுகாலைத் தேய்த்தது, எல்லாம். தலைநகரத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மெலிஸ் ஒலிபெருக்கிக் கம்பியைப் பிடுங்கத் தேடிக் குனிந்தான்.

"ஜனாஸாவுல நான் ஏத்துக்கிட்ட கடன் இதுதான்" என்றான் தஷ்தான். அழுதுவிட்டான், வெட்கப்படாமல். "திருப்பிக் குடுக்கணும்னா ஆளைக் காணோம். அந்த அம்மாவை நானே தொலைச்சுட்டேன். வெள்ளைக் காரு எங்க கொண்டுபோச்சுன்னு தெரிஞ்சவங்க இங்க இருக்கீங்க. சொல்லுங்க. உசுரோட இருக்காங்களா?"

கடைசிக் கூடாரத்தின் கம்பளித் திரை விலகியது. முழங்கை வரை மாவோடு கென்ஜேகான் எட்டிப் பார்த்தாள்.

"எதுக்கு இப்படிக் கூப்பாடு போடறே? இங்கதானே இருக்கேன்."

விஷயம் இவ்வளவுதான். விருந்துக்குப் போர்சோக் பொரிக்க ஆள் போதவில்லையென்று சமையல்காரப் பெண்கள் அலுவலகத்து ஓட்டுநரைக் கெஞ்சி, கார் எடுத்துப்போய், ஊரில் கை சும்மா இருந்த பெண்களையெல்லாம் ஏற்றி வந்திருக்கிறார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் மாவு மில், கார் அங்கே போய் மாவு ஏற்றிக்கொண்டு திரும்பியிருக்கிறது. மாவு பிசைந்த சமையல் கூடாரத்திலேயே அவளும் மற்றவர்களோடு படுத்துக்கொண்டாள். பெண்கள் கூடாரத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஆண் பிள்ளைகள் யாராவது பார்ப்போமா? தஷ்தானும் ஆஸ்பத்திரி வரை போய்ப் பார்த்தான், நூறடியில் இருந்த சமையல் கூடாரத்தை எட்டிப் பார்க்கவில்லை.

அவன் மேடையிலிருந்து இறங்கி, அத்தனை பேர் பார்க்க அந்தக் கூடாரத்து வாசலில் போய் நின்றான். முல்லா அன்றைக்கு ஆண்களைக் கேட்டதை, இவன் இப்போது அங்கே கேட்டான். பெரியவர் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறாரா என்று.

"பட்டிருந்தாரு. மன்னிச்சுட்டேன்."

என்ன செய்வதென்று தெரியாத முல்லாவுக்குப் பழக்கம் கைகொடுத்தது. மேடையிலிருந்தே, "சபராலி மெந்திரோவ் எப்படிப்பட்ட மனிதர்?" என்று கேட்டார். ஒசோர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். மெலிஸ் கம்பியைப் பிடித்தபடி குனிந்தே நின்றான்.

"நல்ல மனுசன்தான்" என்றாள் கென்ஜேகான். "என் பிள்ளை செத்தப்ப எங்களோட சேர்ந்து அழுதாரு." அதற்குப் பிறகுதான் நாங்களும் ஒவ்வொருவராக, நல்ல மனுசன், நல்ல மனுசன் என்று முணுமுணுத்தோம்.

அரசாங்க அறிவிப்பை அன்றைக்கு யாரும் வாசிக்கவில்லை. தலைநகரத்து ஆட்கள் குதிரைக்கறியைக்கூடச் சரியாகத் தின்னாமல் காரில் ஏறினார்கள். சாவியை நாளைக்கு அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுங்கள் என்று மெலிஸ் போகிற போக்கில் சொன்னான். தஷ்தானுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. பெரியவரைக் கரையேற்றினோமா, கவிழ்த்தோமா? எல்லாரும் தின்றுகொண்டிருக்கும்போது, கென்ஜேகானை நினைவில்லத்துக்கு அழைத்துப்போனான். அன்னிக்கு உங்களை வெளியே போகச் சொல்லியிருக்கக் கூடாது அக்கா, நியாயம் கேட்க வந்தவர்களை விரட்டிவிட்டேன் என்றான்.

"நியாயமா? நான் எங்க நியாயம் கேக்க வந்தேன்?" அவள் கையில் ஒட்டியிருந்த மாவை உரித்துக்கொண்டே சொன்னாள். "ஜனாஸா அன்னிக்கு நானும் பொம்பளைங்க கூடாரத்துலதான் இருந்தேன். மன்னிச்சுட்டேன்னு சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்தேன். எங்க பக்கமும் ஆள் அனுப்பிக் கேப்பாங்கன்னு பார்த்தேன். கேட்டிருந்தா அங்கேயே சொல்லியிருப்பேன், ஈ காக்காய்க்குத் தெரிஞ்சிருக்காது. அதுக்குள்ள நீ எல்லாத்தையும் உன் தலைமேல போட்டுக்கிட்டே. அப்புறம் உன்கிட்டதானே சொல்லணும்? மலையில கெடந்தேன், வர வாய்க்கல. இப்ப உடம்பு முடியல. மனசுல பாக்கியை வச்சுக்கிட்டு மண்ணுக்குள்ள போகக் கூடாதேன்னு சொல்ல வந்தேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள கதவைத் திறந்துட்டே."

பன்னிரண்டு வருஷமாகப் பெரியவர் தலையில் நின்ற கடன். தஷ்தானே நிறுத்திவைத்த கடன். ஒரு கோப்பைத் தேநீர் நேரம் பொறுத்திருந்தால் நான்கு சுவருக்குள் முடிந்திருக்கும். அவன் குழந்தை மாதிரி விம்மினான். பிறகு என்ன நினைத்தானோ, யாரையும் உட்கார விடாத அந்த நாற்காலியை இழுத்து, சட்டைக்கையால் துடைத்து, அவள் முன்னால் போட்டான்.

"உக்காருங்க அக்கா."

அவள் நாற்காலியை ஒரு பார்வை பார்த்தாள்.

"எனக்கு எதுக்குத் தம்பி இது? அடுப்புல எண்ணெய் காயுது. ஊரே இன்னிக்கு அவருக்காகப் பொரிச்சாச்சு. கடைசி ஈடு என் பெர்மெத்துக்கு. நீயும் வா, மாவு உருட்ட ஆள் இல்ல."

அவன் சாவியை நாற்காலிமேல் வைத்துவிட்டு அவள் பின்னால் போனான்.